சர்வேயர் வீட்டு மீட்டர்

"நேத்து ஆறு யூனிட், இன்னிக்கு ஒன்பது. எல்லாத்தையும் பிடுங்கிட்டேன்னுதானேப்பா சொன்னீங்க?"

போனில் மகளின் குரல் நர்ஸ் குரல்போலப் பொறுமையாக இருந்தது. அதுதான் சர்வேயரைக் கலக்கியது. திட்டினால் சமாளிக்கலாம்.

போன வாரம் வந்தவள், விளக்கணைத்த வீட்டில் சிவப்புப் புள்ளிகளை எண்ணினாள். பதினொன்று. டிவி, மைக்ரோவேவ், யாரும் போன் செருகாத சார்ஜர்கள். "ரிமோட்ல அணைச்சாலும் கரன்ட் போய்ட்டேதான் இருக்கும். இதுகூட கவனமில்லன்னா தனியா எப்படி இருப்பீங்க?"

ஒரு வாரம் கெடு வைத்தாள். தினமும் காலையில் மாடிப்படி மீட்டரைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். குறையாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளோடு போய்விட வேண்டும். அங்கே அவருக்கு ஒதுக்கியிருந்தது இஸ்திரி மேசை கிடக்கும் அறை.

முதல் நாள் சார்ஜர்களையும் மைக்ரோவேவையும் பிடுங்கினார். ஒரு நாளைக்கு ஓடும் மூன்று யூனிட் மூன்றாகவே நின்றது.

மறுநாள் டிவி. மனைவி போனபின் அது விழித்ததிலிருந்து தூங்கும்வரை ஓடும். அவர் பார்ப்பதில்லை, யாராவது பேசிக்கொண்டிருந்தால் சரி. பிளக்கைப் பிடுங்கியதும் சுவர்க் கடிகாரம் கேட்டது. அது இவ்வளவு சத்தமாக ஓடும் என்று அவருக்குத் தெரியாது. மூன்று ஆறானது.

நேற்று ஃபிரிட்ஜ். பால் திரிந்ததுதான் மிச்சம். ஆறு ஒன்பதானது.

ஊரார் எல்லைத் தகராறுகளை முப்பது வருடம் அளந்து தீர்த்தவருக்கு, சொந்த வீட்டில் கரன்ட் எந்த வழியாகப் போகிறதென்று பிடிபடவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

வந்தவர் தொங்கிய வயர்களைப் பார்த்தார். "வீடு காலி பண்றீங்களா சார்?"

"பண்ணாம இருக்கத்தான் உங்கள வரச் சொன்னேன்."

எலக்ட்ரீஷியன் மெயினையே இறக்கிவிட்டு வெளியே வந்தார். மாடிப்படியில் இரண்டு மீட்டர்கள். சர்வேயர் காட்டிய இடது மீட்டர் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. வலது மீட்டர் செத்துக் கிடந்தது.

"உங்களோடது இந்த வலது சார். நீங்க பாக்குறது பக்கத்து வீட்டு மீட்டர்."

"என் கதவு இடது பக்கம்தானே இருக்கு?"

"கதவைப் பாத்தா சார் வயர் இழுப்பாங்க?"

சர்வேயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பக்கத்துக் கதவைத் தட்டினார்.

அவர் வயதையொத்த ஓர் அம்மாள் திறந்தார். பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிந்தது. மூன்று ஃபேன்கள் சுழன்றன. டிவியும் ரேடியோவும் ஒன்றையொன்று பேச விடாமல் கத்திக்கொண்டிருந்தன.

"ஏம்மா, ஒரே ஆளுக்கு இத்தனையும் எதுக்கு?"

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"முந்தாநாள் உங்க டிவி சத்தம் நின்னப்பதான் சார், நான் தனியா இருக்கேன்னே தெரிஞ்சுது."