ஜன்னலோரப் பயணியின் தொப்பி

சர்ரே,
12 மார்ச் 1949

அன்புத் தங்கை ஹில்டாவுக்கு அண்ணன் பெர்சி எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். அங்கே அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நீ அனுப்பிய பீச் பழ டப்பா வந்தது. ஒரே ஆளாய்த் தின்று தீர்க்க நாலு நாள் ஆயிற்று.

எல்சி அண்ணியும் போய்விட்டாள், தனியாய் என்ன செய்கிறாய், இங்கேயே வந்துவிடு என்று மூன்றாம் தடவையாக எழுதியிருக்கிறாய். யார் தனி? தொழிற்சாலையில் என்னை நம்பி நாற்பது பேர் இருக்கிறார்கள். எங்கள் புதுப் பயணிகள் விமானத்தைச் சோதிக்க, ஆள் எடையில் மணல் மூட்டைகளை இருக்கைகளில் வைத்துப் பறக்கிறார்கள். அவற்றை ஏற்றி வார்போட்டுக் கட்டுவது என் வேலை. தினமும் குட்மார்னிங் சொல்வேன். எதிர்த்துப் பேசாத சனங்கள். விமானமும் லேசுப்பட்டதில்லை. காற்றாடிகளைச் சுழற்றுவது புதுமாதிரி எஞ்சின், மேஜையில் காசை விளிம்பில் நிறுத்தினால் பறக்கும்போதும் விழாமல் நிற்கிறதாம். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்பது எல்சியின் ஆயுசு ஆசை, ஆகவே செவ்வாய்க்கிழமை ஜன்னலோர மூட்டை ஒன்றுக்கு அவளுடைய நீலத் தொப்பியை மாட்டிவிட்டேன், நான் செய்த குற்றம் அவ்வளவுதான், மேலே போன பைலட் திரும்பிப் பார்த்தால் தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி வேடிக்கை பார்க்கிறாள், சோதனை ஓட்டத்தில் வெளியாள் ஏறக் கூடாதே, உடனே ரேடியோவில் கத்தி, அவசரமாய் இறங்கி, காவலாளிகள் ஓடிவந்து, அதில் ஒருவர் மூட்டையிடம், "கொஞ்சம் எழுந்திரிங்கம்மா" என்று மரியாதையாகக் கேட்டு, ஒரே கூத்து.

தலைமை இன்ஜினியர் கிரிம்ஷா என்னைக் கூப்பிட்டார்.

"யாரோட தொப்பி பெர்சி இது?"

"என் வீட்டுக்காரியோடதுங்க சார்."

"அவங்க தவறி ஒரு வருஷம் ஆச்சேப்பா."

"ஆமாங்க. பறக்கணும், பறக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

அவர் தொப்பியைத் தராசில் வைத்தார். "ஆறு அவுன்ஸ். ஏத்துறது எதுவானாலும் எடைப் பட்டியல்ல எழுதணும்னு தெரியாதா உனக்கு? இனிமே எழுதிட்டு ஏத்து."

அதன்படி வியாழனும் வெள்ளியும் எழுதிவிட்டே ஏற்றினேன். அவளும் பறந்தாள். இப்படிப்பட்ட பொறுப்பை விட்டு நான் எப்படிக் கடல் தாண்டி வருவது? இனி அந்தப் பேச்சே வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் வளரட்டும்.

உன் அண்ணன்,
பெர்சி

பி.கு.: திங்கள் முதல் இருக்கைகளில் நிஜ ஆட்களே உட்காருகிறார்களாம். மூட்டைகளை அவிழ்த்து மணலைக் கொட்டச் சொன்னார்கள். முப்பத்தொன்பதைக் கொட்டிவிட்டேன், ஒன்றுக்குக் கை வரவில்லை. எனக்கென்று நீ சொன்ன அறை இன்னும் காலியாகத்தானே இருக்கிறது?