அப்படியே ஒரு திருப்பம்

இந்த ஞாயித்துக்கிழமை மாமியார் வீட்டுத் தண்ணித் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்குவதில்லை என்று புதன்கிழமை காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். உறுதியான முடிவு. வாயில் நுரை இருந்ததால் வெளியே சொல்லவில்லை.

அந்த ஞாயிறுதான் எங்கள் நெல்லித்தோப்பு பெத்தாங் கிளப்புக்கு ஃபைனல். பெத்தாங் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு குட்டிக் குண்டைத் தரையில் போட்டு, அதை ஒட்டினாற்போல் இரும்புக் குண்டை எறிந்து நிறுத்த வேண்டும். பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போனதிலேயே லுங்கியோடு அனுபவிக்கக்கூடிய ஒரே விஷயம் இதுதான். போன ரெண்டு வருஷமும் ஃபைனல் அன்றைக்கு லினெட் எனக்கு வேறு வேலை வைத்திருந்தாள். ஃபைனல் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கேப்டன் அந்தோணி முசியே பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், அதனால் ஐயா இல்லை, முசியே. இந்தத் தடவையும் வராவிட்டால் பட்டியலில் பேர் இருக்காது என்று சொல்லிவிட்டார்.

லினெட் என் மனைவி. தபால் ஆபீசில் பதினாலு வருஷமாகக் கடிதம் பிரிக்கிறாள். தபால் கட்டைப் பத்தடி தள்ளியிருக்கும் பைக்குள் குறி தப்பாமல் வீசுவாள். என்னைத் தேடி கிரவுண்டுக்கு வரும்போது போகிற போக்கில் ஒரு குண்டு எறிவாள். முசியே வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். அதே குறியோடு என்னையும் வீசுவாள். அதற்கு அவளிடம் இருக்கும் ஆயுதம் 'அப்படியே' என்கிற ஒரு சொல். கோயிலுக்குப் போறீங்களா, அப்படியே சங்கரா மீன் வாங்கிடுங்க, அப்படியே மாவு அரைச்சுட்டு வந்துடுங்க என்பாள். ஜெபம் செய்யக் கிளம்பியவன் மாவு மில்லில் போய் நிற்பேன்.

மாமியார் வேளாங்கண்ணி அம்மா மூணு வாரம் முன்னால்தான் முதலியார்பேட்டையில் வேறு வீட்டுக்குக் குடி போனார். புது நம்பர் கூட வாங்கியிருக்கிறார். அந்த நம்பரை நான் போனில் போட்டுக்கொள்ளவில்லை, வீட்டுப் பக்கமும் போகவில்லை. போனால் தொட்டி இருக்கிறதே.

நான் வெப்சைட் செய்து பிழைக்கிறவன். பங்குக் கோயிலுக்கும் சும்மா ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு ஓட்டை உண்டு. பங்குக்காரர்கள் அவரவர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும், லிங்க்கின் வாலில் 'அடுத்து' என்று எந்த விலாசம் ஒட்டியிருக்கிறதோ அங்கே ஆளை அனுப்பிவிடும். அதுவும் ஒரு அப்படியேதான். தலையில் கோயில் பேர் இருக்கும், ஆள் போய்ச் சேருவது எவன் வீடோ. சைட் கட்டுகிற ஃப்ரேம்வொர்க்கிலேயே இதைத் தடுக்க ஒரு காவல்காரன் இருக்கிறான். 'போற எடம் நம்ம எடமா' என்று கேட்பான். தொணதொணவென்று கேட்கிறானே என்று அவசரத்தில் நான்தான் அவனை வேலையை விட்டுத் தூக்கினேன். அப்புறம் அதே சைட்டை நகலெடுத்து எங்கள் கிளப்புக்கும் கொடுத்தேன்.

அந்த ஓட்டை இப்போது கை கொடுத்தது. என்னுடைய சோதனை சைட்டில் ஒரு பொய் அறிவிப்பு தயார் செய்தேன். ஞாயிறு காலை ஒன்பது முதல் தன்னார்வலர் பயிற்சி, லூர்துபிரகாஷ், அதாவது நான், கட்டாயம் வரவேண்டும். அதைக் கோயில் லிங்க்கின் வாலில் ஒட்டி லினெட்டுக்கு அனுப்பினேன். எவர் லிங்க்கைக் கடைசி வரை படிக்கிறார்கள்? தலையைப் பார்ப்பார்கள், அமுக்குவார்கள். இது என் தொழில் அனுபவம்.

அவள் கருணைக்கிழங்கு நறுக்குவதை நிறுத்திவிட்டு போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னாங்க, ஞாயித்துக்கெழம பயிற்சியாமே?"

"ஆமா. முழு நாளு. ஃபாதர் கண்டிப்பா வரச் சொல்லிட்டாரு."

"அப்ப அம்மா வூட்டுத் தொட்டி?"

"என்ன பண்றது, சாமி காரியமாச்சே."

"சரி, போயிட்டு வாங்க."

ஒரு அப்படியே கூட வரவில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். அன்றைக்குக் கருணைக்கிழங்கு கூட நாக்கில் அரிக்கவில்லை.

ஞாயிறு காலை குண்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை திரும்பும்போது போனில் ஒரு செய்தி. ஃபைனல் இடம் மாற்றம், லிங்க்கைப் பார்க்கவும். அனுப்பிய நம்பர் தெரியாத நம்பர். இருந்தால் என்ன? லிங்க்கின் தலையில் எங்கள் கிளப் பேர், என் கையால் செய்த சைட். அமுக்கினேன். என் சைட் பாஸ்வேர்டு கேட்டது, பெருமையோடு போட்டேன். மேப் திறந்தது. இடப்பக்கம் திரும்பு என்றது, திரும்பினேன். வலப்பக்கம் என்றது, அதுவும் செய்தேன். திரும்பச் சொன்னால் திரும்புவது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம்.

முதலியார்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் மேப் நின்றது. எதிரே ஒரு லோடு மணல் கொட்டியிருந்தது. ஆட்டத்துக்குத்தான் கொட்டியிருக்கிறார்கள் என்று நம்பி, ஸ்கூட்டரை ஓரம் கட்டினேன். கதவு திறந்தது. மாமியார். ஒரு கையில் பிளாஸ்டிக் பிரஷ், இன்னொரு கையில் என் பழைய லுங்கி.

"வாங்க மாப்ள. டான்னு ஒம்போது மணிக்கு வந்துட்டீங்களே. தேங்காய் கொண்டாந்தீங்களா?"

பையைத் திறந்தேன். குண்டு இருந்த இடத்தில் மூணு தேங்காய்.

லினெட்டுக்குப் போன் போட்டேன். பின்னால் இரும்போடு இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டது. கிரவுண்டில் இருக்கிறாளாம். என் பயிற்சி லிங்க்கை அவள் முசியேவுக்கும் அனுப்பியிருக்கிறாள். அவரும் கோயில் பேரைப் பார்த்து நம்பிவிட்டார். ஃபைனலுக்கு ஒரு ஆள் குறையுதே என்று அவர் புலம்ப, நான் வர்றேன் என்றாளாம்.

"எப்டிடீ கண்டுபுடிச்ச?"

"நாங்க வெலாசத்த மேலேர்ந்து படிக்க மாட்டோங்க. மேல யார் பேரு வேணா இருக்கட்டும், தபாலு போற எடம் கடேசி வரிலதான் இருக்கும். கீழேர்ந்துதான் படிப்போம். உங்க லிங்க்ல கடேசில லூர்து டெஸ்ட்டுன்னு இருந்துச்சு."

வாலை மாற்றினால் ஆளை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அம்மா வீட்டு மேப்பைக் கிளப் லிங்க்கில் ஒட்டி, அம்மா போனிலிருந்தே அனுப்ப வைத்திருக்கிறாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"மூணு வருஷமா ஃபைனல்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னீங்களா? கேட்டிருந்தா நானே அனுப்பி வெச்சிருப்பேன்."

அது சுருக்கென்று தைத்தது. உண்மையாகவே நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல், முசியே பட்டியலிலிருந்து என் பேரை எடுத்துவிட்டாரா என்றேன்.

"சேச்சே, எடுக்கல. உங்க பேருக்கு முன்னால லினெட்னு மட்டும் சேத்துட்டாரு."

லுங்கியைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். இவர்கள் குடி வருவதற்கு முன்னாலிருந்தே யாரும் கழுவாத தொட்டி. தேய்க்கத் தேய்க்கப் பாசி வந்துகொண்டே இருந்தது. மாமியார் மேலே நின்று, மூலையில விட்டுட்டீங்க மாப்ள என்று ஒவ்வொரு மூலைக்கும் சொன்னார்.

சாயந்திரம் நாலு மணிக்குத் தொட்டியின் வாய் வழியாக லினெட் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கையில் மண் படிந்த வெள்ளிக் கப்பு. ஜெயித்துவிட்டோமா என்று கேட்டேன். ஜெயிச்சுட்டேன் என்றாள். பிறகு தொட்டியை நாலு பக்கமும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கப்பைக் கீழே நீட்டினாள்.

"கை ஈரமாத்தான இருக்கு. அப்படியே இதையும் கழுவிக் குடுத்துடுங்க."