கையுறை கேட்ட மனு

குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாகக் கிருமி என்பது பேருக்குக்கூட அகப்பட்டதில்லை. திங்கட்கிழமைதோறும் ஆறு தெருக்களிலிருந்து ஆறு பாட்டில் தண்ணீர் வரும். லேப் அக்கா அதைத் தட்டில் ஊற்றி, இரண்டு நாள் சூட்டில் வைத்து, கண் வலிக்கப் பார்த்து, "கிருமி ஏதும் காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இப்படிப்பட்ட தண்ணீருக்கு ஊர் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் தண்ணீரைக் குடித்துதான் அவள் பெண்ணுக்கு டைபாய்டு வந்தது.

"உங்க தெருவுல பாதிப் பேர் என்கிட்டதான் வராங்க" என்றார் டாக்டர். "குடிதண்ணிக் குழாய்ல எங்கேயோ சாக்கடை கலக்குது. மாத்திரைய பதினாலு நாளும் குடுங்க, காய்ச்சல் விட்டுதுன்னு நடுவுல நிறுத்தாதீங்க. தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க. ஆனா குழாயச் சரி பண்ற வரைக்கும் நான் ஒருத்தரக் குணமாக்கி அனுப்பினா உங்க தெரு ரெண்டு பேர அனுப்பும்."

லேப் அக்கா நேரே பெரிய அதிகாரியிடம் போய் நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கோப்பைப் பிரித்தார்.

"குழாயத் தோண்டணும்னா தண்ணி கெட்டிருக்குன்னு ரிப்போர்ட் வேணும்மா. இதோ போன வார ரிப்போர்ட். கிருமி இல்ல. இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"அப்போ உங்க பொண்ணு அரசாங்க அறிக்கைக்கு விரோதமா இல்ல படுத்திருக்கு?"

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில், தண்ணீரை எங்கே பிடிக்கிறான் என்று கேட்க, பாட்டில் கொண்டுவரும் ஊழியனைத் தேடிக் கட்டடத்தின் பின்பக்கம் போனாள். அங்கே கேஸ் அடுப்புகளில் ஆறு பாத்திரங்கள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"என்ன தம்பி இது?"

"சாம்பிள்க்கா. நல்லாத் தளதளன்னு கொதிச்சதும் ஆற வெச்சு பாட்டில்ல ஊத்திடுவேன்."

"சோதிக்க வேண்டிய தண்ணிய எதுக்குக் கொதிக்க வைக்கிறே?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? அதுல கிருமி இருந்தா உங்களுக்குத் தொத்திக்காதா?"

நிஜமான அக்கறையோடுதான் சொன்னான். சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. "சோதனைக் கூட ஊழியர்தம் உடல்நலனை முன்னிட்டும், கையுறை கொள்முதலுக்கு நிதி இன்மையை முன்னிட்டும், மாதிரிகள் யாவும் கிருமி நீக்கம் செய்யப்பட்ட பின்னரே கிருமிச் சோதனைக்கு அனுப்பப்படல் வேண்டும்." கீழே பார்வை என்ற இடத்தில், பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பெட்டி கையுறை கேட்டு அவளே எழுதிய மனுவின் எண் இருந்தது.

அன்று தன் வீட்டுச் சமையலறைக் குழாயிலிருந்து பச்சைத் தண்ணீரைப் பிடித்து வந்து தட்டில் ஊற்றினாள். இரண்டாம் நாள் பார்த்தால், கிருமிகள் குடும்பம் குட்டியோடு குடியேறியிருந்தன. உள்ளது உள்ளபடி எழுதி அதிகாரியின் மேஜையில் வைத்தாள்.

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். "அனுமதி இல்லாம கிருமிய ஆபீசுக்குள்ள கொண்டு வந்தீங்களா?"

"குழாயத் தோண்டச் சொல்லுங்க சார்."

"கண்டிப்பாத் தோண்டுவாங்க. ஆனா அதுக்கு முன்னால பதினோரு வருஷ ரிப்போர்ட்டத் தோண்டுவாங்க. அதுல என் கையெழுத்து ஒண்ணுகூட இல்லம்மா." பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, கையுறை. இந்த வருஷம்தான் நிதி வந்துது."

"அப்போ இனிமே பச்சைத் தண்ணியவே அனுப்பலாமில்ல சார்?"

"அதுக்கு சர்க்குலர ரத்து பண்ணணும். ரத்து பண்ணினா ஊழியர் உடல்நலத்துல எங்களுக்கு அக்கறை இல்லன்னு ஆயிடுமே."

லேப் அக்கா வேலையை நினைத்தாள், பென்ஷனை நினைத்தாள். மேஜையிலிருந்த அறிக்கையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் புதுக் கையுறை மாட்டி, ஆறு பாட்டிலையும் முறைப்படி சோதித்துக் கையெழுத்துப் போட்டாள். பொய் ஒன்றும் எழுதவில்லை. பாட்டிலில் நிஜமாகவே கிருமி இல்லை.

சாயங்காலம் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கிக்கொண்டிருந்தபோது, பெண்ணைப் பார்க்க எதிர்வீட்டுக்காரி இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

"என்னக்கா, தண்ணிய ஏன் கொதிக்க வைக்கிறீங்க? கெட்டுப் போச்சா?"

"சேச்சே. பொண்ணுக்கு உடம்பு சரியில்லல்ல, அதான்."

"நல்ல வேளை. டாக்டர் எங்களையும் கொதிக்க வைக்கச் சொன்னார். நீங்களே கையெழுத்துப் போட்டதுக்கப்புறம் அவர் யார்க்கா சொல்றதுக்கு?"

குழந்தை தண்ணீர் கேட்டது. எதிர்வீட்டுக்காரி உரிமையோடு குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். லேப் அக்கா குடுக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஏன் என்று கேட்பாளே, என்ன சொல்வது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள், குழந்தை டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கையை நீட்டியது.