மூன்று நட்சத்திரத் திட்டு

திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, சுங்கை பினாங் சிக்னலில் சைக்கிளோடு ஒற்றைக்காலில் நின்றபடி மோகனராஜ் ஒரு முடிவுக்கு வந்தார். இனி ஒருத்தனையும் சும்மா விடுவதில்லை.

முடிவுக்குக் காரணமான வெள்ளைக் கார் அதற்குள் பச்சை விளக்கில் பறந்துவிட்டது. பறக்கும் முன் கண்ணாடியை இறக்கி அவருடைய வயதையும் வயிற்றையும் ஒரே வாக்கியத்தில் விமர்சனம் செய்திருந்தது. வயதாவது பரவாயில்லை, ஐம்பத்து நாலு என்று அடையாள அட்டையிலேயே இருக்கிறது. வயிற்றை இழுத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

இதை வீட்டில் போய்ச் சொல்லி ஆறுதல் தேடவும் வழியில்லை. சொன்னால் சைக்கிள் போய்விடும்.

மோகனராஜுக்குத் துறைமுகத்துக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டிலிருந்து அங்கே அவரை இருபத்திரண்டு வருடமாகக் காரில் கொண்டுபோய் விட்டது மனைவி ரமணிதான். ரமணிக்குப் பல் கிளினிக்கில் தாதி வேலை. நாளெல்லாம் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், எதிராளி பதில் பேசாமல் இருந்தால் அது முழுச் சம்மதம் என்பது ரமணியின் தீர்மானம். காரில் இருபது நிமிடம். இருபது நிமிடமும் அறிவுரை. காலர் மடங்கியதில் தொடங்கி, கொழுந்தியாள் கல்யாணத்தில் அவர் சிரித்த சிரிப்பு வரைக்கும் வரும். அந்தக் கல்யாணம் நடந்து பதினாறு வருடம்.

போன வருடம் சர்க்கரை கூடியது. உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். மோகனராஜ் அந்த நோயைக் கையெடுத்துக் கும்பிட்டு, சைக்கிளில் வேலைக்குப் போவதாக அறிவித்தார்.

"போய்க்கிங்க. ஆனா ஒரு கண்டிஷன்" என்றார் ரமணி.

"சொல்லு."

"ரோட்டுல எவனாச்சும் உங்கள ஒரசினான், திட்டினான், தேவையில்லாம ஒரு ஹாரன் அடிச்சான்னு என் காதுல விழுந்துச்சு, மறுநாளே சைக்கிள் பழைய இரும்பு லோரில ஏறிரும். நீங்க பழையபடி என் காடில ஏறிருவீங்க."

"ஹாரன் அடிக்காத காடி இந்த ஊர்ல ஏது ரமணி?"

"அதத்தான் நானும் சொல்றேன் லா."

ஆகவே, ஒவ்வொரு நாள் சாயங்காலமும் ஒரு விசாரணை.

"இன்னிக்கு ரோட்டுல எப்படி?"

"ரொம்ப மரியாதையா இருந்தாங்க."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒருத்தர் குட் மார்னிங் சொன்னாரு."

பொய்தான். ஆனால் காலையில் அந்த அரைமணி நேரம் மட்டும்தான் அவருக்கே அவருக்கென்று இருந்தது. கடல் காற்று வரும். ஒரு சினிமாப் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடலாம், யாரும் திருத்தமாட்டார்கள். அந்த அரைமணிக்காக அவர் எதையும் தாங்கத் தயாராக இருந்தார்.

முதலில் திருப்பித் திட்டிப் பார்த்தார். அவருக்குச் சரியான பதில் வாயில் வந்து சேருவதற்குள் கார் அடுத்த சிக்னலைத் தாண்டியிருக்கும். சில நல்ல பதில்கள் மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் வந்தன.

"ஏன் அண்ணே சண்டைக்குப் போறீங்க? திட்டுறவனுக்கு ஒரு சலாம் போடுங்க. அவனே வெக்கப்பட்டுப் போயிருவான்" என்றார் கிடங்கு வாசலில் காவல் இருக்கும் அப்துல் ரஹீம்.

மறுநாள் ஒரு லோரிக்காரர் திட்டினார். மோகனராஜ் கையை உயர்த்திச் சலாம் போட்டார். தெரிந்தவர் போலிருக்கிறது என்று லோரிக்காரர் நடுரோட்டிலேயே வண்டியை நிறுத்தி, யார் என்ன என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் சிக்கிய ஏழு கார்களும் மோகனராஜைப் பார்த்துத்தான் ஹாரன் அடித்தன.

அதற்கப்புறம் வந்ததுதான் திங்கட்கிழமை முடிவு. இனி வாய் பேசாது, பேனா பேசும். வம்பு செய்கிற ஒவ்வொரு காரின் நம்பரையும் எழுதி, மொத்தமாகப் போலீசில் கொடுத்துவிடுவது. ஐந்து ஐந்து ஐந்து என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டு ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேதி, நேரம், நம்பர். பக்கத்தில் குற்றத்தின் கனத்துக்கு ஏற்ப நட்சத்திரம். வெறும் ஹாரன் என்றால் ஒன்று. சாக்கடை ஓரமாக நெருக்கித் தள்ளப் பார்த்தால் இரண்டு. கண்ணாடியை இறக்கித் திட்டினால் மூன்று. மூன்று நட்சத்திரம் பெற்றது அந்த வெள்ளைக் கார் ஒன்றுதான். நாலு நாலு ஒன்று ஏழு.

வீட்டுக்கு வந்ததும் நோட்டு சர்க்கரை கிளினிக் அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடும். அந்த உறையை அதற்கு முன் அவர் தானாகத் தொட்டதே கிடையாது. அதனால் வேறு யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பத்தொன்பது நம்பர் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கவுண்டரில் சுபாஷினி என்று பெயர்ப்பட்டை குத்திய இளம் போலீஸ்காரி இருந்தார். நோட்டை ஒரு பக்கம் விடாமல் பொறுமையாகப் பார்த்தார்.

"அங்கிள், எழுத்து எங்க?"

"என்ன எழுத்து?"

"நம்பருக்கு முன்னால பி, அப்புறம் இன்னும் ரெண்டு எழுத்து இருக்கும்ல? நீங்க வெறும் நாலு நம்பரா எழுதியிருக்கீங்க."

மோகனராஜ் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். பத்தொன்பதும் அப்படித்தான் இருந்தன. ஒரு காருக்குக்கூட அவர் எழுத்தைக் குறித்திருக்கவில்லை.

தப்பு அவருடையது இல்லை, அவர் கண்ணுடையது. இருபத்தைந்து வருடம் நாலு நம்பர் லாட்டரி வாங்கிய கண் அது. எங்கே எந்தக் கார் மோதிக்கொண்டாலும், அடிபட்டவனைப் பார்ப்பதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைப் பார்த்து, எழுத்தை விட்டுவிட்டு நாலு எண்ணை மட்டும் கவ்விக்கொண்டு கடைக்கு ஓடுவது அதன் பழக்கம். போன தைப்பூசத்தில் தண்ணிமலை முருகன் முன்னால், இனி நம்பர் வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்து, ஒழுங்காகக் காப்பாற்றியும் வந்தார். ஆனால் சத்தியம் செய்தது வாய்தான். கண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

"இத வச்சு காடியத் தேட முடியாது அங்கிள்" என்றார் சுபாஷினி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இத எடுத்துக்கிட்டு நீங்க போக வேண்டிய கவுண்டரே வேற."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் எட்டி நோட்டைப் பார்த்து, கைப்பேசியில் எதையோ குறித்துக்கொண்டார்.

அன்றோடு மோகனராஜ் எழுதுவதை விட்டு, நோட்டை உறைக்குள்ளேயே போட்டுவைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீடு திரும்பியபோது சாப்பாட்டு மேசையில் அந்த நோட்டு இருந்தது. அதற்கு எதிரே ரமணி இருந்தார். தேநீர் இல்லை.

"என்னங்க இது?"

"எது?"

"கிளினிக் அட்டை உறைக்குள்ள இருந்துச்சு. அப்பாயின்மென்ட் தேதிய நான்தான பாக்குறேன், நீங்களா பாக்குறீங்க? நாலு நாலா நம்பர். பக்கத்துல ஸ்டாரு. தண்ணிமலைல கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணீங்களே, அது என்ன ஆச்சு?"

மோகனராஜ் நின்ற இடத்திலேயே யோசித்தார். உண்மையைச் சொன்னால் சைக்கிள் லோரியில் ஏறும், ஆயுள் முழுக்க இருபது நிமிடக் கார். பொய் சொன்னால் முருகன் கோபித்துக்கொள்வான். முருகன் கருணையுள்ளவன். பக்தனுக்கு மன்னிப்பு உண்டு. ரமணியிடம் அப்படி ஒரு பழக்கமே இல்லை.

"ஆமா" என்றார் தலையைக் குனிந்து. "நம்பர்தான். ஆசைல வாங்கிட்டேன்."

"எத்தன நாளா?"

"மூணு வாரமா."

"ஸ்டாரு எதுக்கு?"

"அது வந்து... மனசு எவ்வளவு சொல்லுதுங்கறதுக்கு."

"மூணு ஸ்டாருன்னா?"

"ரொம்பப் பலமா சொல்லுச்சு."

"தெய்வக் குத்தம்ங்க. வர்ற தைப்பூசத்துக்கு மொட்டை போட்டுக்கிங்க."

"போட்டுக்கிறேன்."

"அது வரைக்கும் உங்களுக்குப் பிடிச்ச ரொட்டி சானாய் கிடையாது."

"வேணாம், எனக்கெதுக்கு ரொட்டி."

முடியும் ரொட்டியும் போனால் போகட்டும், சைக்கிள் பிழைத்தது. அவருக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. சட்டையைக் கழற்றப் போனார்.

"நில்லுங்க. இந்த நாலு நாலு ஒண்ணு ஏழு. இதையும் வாங்கினீங்களா?"

"வாங்கினேன், வாங்கினேன். எல்லாத்தையும் வாங்கினேன். ஒண்ணுகூட அடிக்கல. முருகன் குடுத்த தண்டனை அதுதான்."

ரமணி கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினார்.

"சனிக்கிழமை குலுக்கல். மூணாவது பரிசு. படிங்க."

படித்தார். நாலு. நாலு. ஒன்று. ஏழு.

"டிக்கெட் எங்க?"

"டிக்கெட்டு..."

"சொல்லுங்க. எந்தக் கடைல வாங்கினீங்க? வாங்க, இப்பவே போயி கேப்போம்."

"தொலைஞ்சிருச்சு ரமணி."

"பத்தொம்போதுமா?"

மோகனராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது. ஹாரன், சாக்கடை ஓரம், வயிறு, சலாம், லோரி, போலீஸ் கவுண்டர் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். குட் மார்னிங் சொன்னவர் ஒருவரும் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். பேசி முடித்தபோது கண் கலங்கியிருந்தது. "அந்த அரைமணி நேரம் எனக்கு வேணும் ரமணி" என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

ரமணி எழுந்து போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பத்து நாளைக்கு முன்னாலயே நோட்டப் பாத்துட்டேன். எல்லாம் திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும். சனி ஞாயிறு குலுக்கல் இருக்கு, இருபத்தஞ்சு வருஷம் நம்பர் வாங்குன மனுஷன் சனி ஞாயிறுல ஒண்ணுகூட எழுதலையாம். நேரம் வேற, ஏழே கால், ஏழு இருபது. அந்த நேரத்துல எந்த நம்பர் கடைங்க தொறந்திருக்கு?"

"அப்ப எதுக்கு இத்தன கேள்வி?"

"உங்க வாயால வரட்டும்னுதான். மொட்டை அப்படியே இருக்கட்டும், பொய் சொன்னதுக்கு."

"சரி. ஆனா அந்த நம்பரு அடிச்சிருச்சே ரமணி. யாராச்சும் வாங்கியிருந்தா..."

ரமணி கைப்பேசியில் இன்னொரு படத்தைக் காட்டினார். ஒரு டிக்கெட். அதில் நாலு நாலு ஒன்று ஏழு.

"சத்தியம் நீங்கதான பண்ணீங்க? நான் பண்ணலையே. நோட்டுல மூணு ஸ்டாரு அது ஒண்ணுக்குத்தான் இருந்துச்சு. வாங்கினேன்."

மோகனராஜுக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ரமணிக்கு அது பழகிய காட்சிதான்.

"அப்ப... என் சைக்கிளு?" என்றார்.

"அத எதுக்கு இரும்புக்காரனுக்குக் குடுக்கணும்? நல்லா திட்டு வாங்குற சைக்கிளு." உள்ளறைக்குப் போன ரமணி, ஊதா நிறத்தில் ஒரு புதுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னால் கூடை, கைப்பிடியில் பளபளவென்று ஒரு மணி. "பரிசுப் பணத்துல வாங்கினேன். நாளைலேருந்து நானும் உங்ககூடதான் வர்றேன், கிளினிக்கும் அந்தப் பக்கந்தான. நீங்க முன்னால போயித் திட்டு வாங்குங்க, நம்பர நான் எழுதிக்கிறேன்."

மறுநாள் காலை ஏழேகால் மணிக்கு, சுங்கை பினாங் சிக்னலில் மோகனராஜ் ஒற்றைக்காலில் நின்றார். பின்னால் ஊதாச் சைக்கிளிலிருந்து காலரைப் பற்றிய அறிவுரை முடிந்து, கொழுந்தியாள் கல்யாணச் சிரிப்பு தொடங்கியிருந்தது. வெள்ளைக் கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

ரமணி நோட்டை விரித்தார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

கார்க்காரர் வாயைத் திறந்தார். ரமணியின் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டார். மோகனராஜைப் பார்த்தார். பிறகு திட்டாமலே, "நீங்க முதல்ல போங்க" என்பதுபோல் கையைக் காட்டி வழிவிட்டு, மெதுவாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.