சம்மந்தி கெட்டுப்போச்சு

என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை. எழுத்துமூலமாக, நேரம் குறித்து, என் போட்டோவும் பெயரும் பக்கத்திலேயே ஒட்டியபடி, அதற்கான ஆதாரம் இன்றைக்கும் ஏழு பேருடைய போனில் பத்திரமாக இருக்கிறது.

அம்மாவின் கல்யாணத்தின்போது இந்தத் தொல்லை இருந்ததில்லை. கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து உத்தமபாளையத்துக்கு ஒரு சேதி போக வேண்டுமென்றால் குமுளி பஸ்ஸில் ஒரு ஆள் போவார். நாம் ஆத்திரத்தில் எதையாவது உளறி அனுப்பினாலும், மலை ஏறி இறங்குவதற்குள் அவர் பாதியை மறந்துவிடுவார். மீதியை, கொடுத்த சாயாவைக் குடித்துக்கொண்டே, நல்லபடியாக மாற்றிச் சொல்லிவிடுவார். இப்போது அந்த ஆள் இல்லை. நம் உளறலை உளறல் மாறாமல் நொடியில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளாளுக்கு ஒரு போன் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. போன் இருந்தால் உலகத்தையே உட்கார்ந்த இடத்தில் நடத்திவிடலாம் என்று நம்பியிருந்த மேதை. நிச்சயம் முடிந்த மறுநாளே 'நிக்காஹ் ஏற்பாடு' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, நானே அதற்கு அட்மினும் ஆனேன். (கல்யாணப் பெண் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். விரல் அல்லவா வேலை செய்தது!)

குழுவில் எங்கள் வீட்டிலிருந்து நான், மிளகுக் கடை வைத்திருக்கும் என் அத்தா, அம்மா. உத்தமபாளையத்திலிருந்து மாப்பிள்ளை ரியாஸ், அவருடைய அம்மா, அத்தா. ரியாஸின் அத்தாவான முஸ்தபா மாமா பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் எழுத்து மாறினால் ஓர் ஏக்கர் மாறிவிடும் என்ற பயத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர். குழுவில் யார் எதை எழுதினாலும் முதலில் பிழை திருத்துவார். பிறகுதான் விஷயத்துக்கு வருவார்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் பேசுவேன், எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். மாமனாரை அசத்துவதற்காகப் போனில் தமிழ் எழுத்தை ஏற்றி, ராத்திரி பகலாகப் பழகினேன். 'மாமா சாப்பிட்டீர்களா' என்று முதல்முறை பிழையில்லாமல் எழுதியபோது அவர் 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டார். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அது.

இந்த இடத்தில் ஒரு சொல்லை அறிமுகப்படுத்தியாக வேண்டும். தமிழ்நாட்டில் சட்னி என்றும் துவையல் என்றும் சொல்வதை எங்கள் ஊரில் சம்மந்தி என்போம். மலையாளத்திலிருந்து வந்து எங்கள் அடுப்படியில் குடியேறிய சொல். சம்பந்தியையும் நாங்கள் பேச்சில் சம்மந்தி என்றுதான் சொல்வோம். வாயால் சொன்னால் குழப்பமே வராது. அரைக்கிற சம்மந்திக்குப் 'பச்சை'யில் வரும் ச. உறவுச் சம்மந்திக்குப் 'பாச'த்தில் வரும் ச. ஆனால் எழுதும்போது பச்சைக்கும் பாசத்துக்கும் ஒரே எழுத்துதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நிக்காஹுக்கு ஆறு நாள் இருந்தது. காலைப் பலகாரத்துக்கு ஆப்பம் வேண்டாம், தன் ஊர்க்காரர்களுக்குத் தோசையும் தேங்காய்ச் சட்னியும் வேண்டும் என்று முஸ்தபா மாமா ஆசைப்பட்டிருந்தார். அன்று காலை அழைப்பிதழ் கட்டோடு அவரே வீட்டுக்கு வந்தார். சமையலுக்குப் பேசியிருந்த ஹமீது காக்கா, மாதிரிக்கு ஒரு தூக்குச் சம்மந்தி கொடுத்தனுப்பியிருந்தார். மாமா அதைத் தொட்டுக்கொண்டு நாலு தோசை சாப்பிட்டார். அத்தா அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். மாமா சந்தோஷமாக பஸ் ஏறினார். மிச்சச் சம்மந்தியை டப்பாவில் அடைத்துக்கொண்டு நான் ஆபீஸுக்குக் கிளம்பினேன்.

மதியம் டப்பாவைத் திறந்தேன். பக்கத்து மேஜைக்காரி எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

கல்யாணத்தன்று உத்தமபாளையமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆவது? உடனே குழுவைத் திறந்தேன். ஹமீது காக்காவை முந்தின நாள்தான் குழுவில் சேர்த்திருந்தேன். (இவர்தான் சமையல்காரர் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.) மாமா படிப்பாரே என்று நல்ல தமிழாகவே தேடிப் பிடித்து எழுதினேன்:

'சம்மந்தி கெட்டுப்போச்சு. காலையில் பார்க்க நல்லாத்தான் இருந்தது. மதியத்துக்குள் அதன் சுயரூபம் தெரிந்துவிட்டது.'

'பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவ்வளவு நாற்றம்.'

'இது நமக்கு வேண்டாம். நிக்காஹுக்கு வேறு நல்ல சம்மந்தி பார்க்கலாம். பள்ளுருத்தியில் கேட்டால்கூட இதைவிட நல்லது கிடைக்கும்.'

'சுயரூபம்' என்ற சொல் சரியாக வந்ததில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையிலேயே போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. சார்ஜர் வீட்டில். சாயங்காலம் எறணாகுளம் படகுத்துறையில் போட்டைப் பிடித்து, காற்று வாங்கிக்கொண்டு, ஒரு பெரிய பொறுப்பை முடித்த திருப்தியோடு மட்டாஞ்சேரியில் இறங்கினேன்.

வீடு அமைதியாக இருந்தது. அத்தா சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"மோளே, நீ எழுதினது நல்லதாச்சு. நானும் உடனே பதில் போட்டேன்."

போனைச் சார்ஜில் போட்டேன். உயிர் வந்ததும் அது துள்ளத் தொடங்கியது. எல்லாம் ரியாஸின் தவறிய அழைப்புகள். குழுவைத் திறந்தேன். என் செய்திக்குக் கீழே என் குடும்பம் ஒற்றுமையாக நின்றிருந்தது.

அத்தா: 'மோள் சொன்னது சரி. எனக்குக் காலையிலேயே சந்தேகம். மரியாதைக்காக வாயைத் திறக்கலை.'

அம்மா: 'நல்லவேளை, நிக்காஹுக்கு முன்னாடியே தெரிஞ்சுது.'

ஹமீது காக்கா: 'கவலை வேண்டாம். சாயங்காலம் மூணு சம்மந்தியோட வீட்டுக்கு வர்றேன். பாத்துட்டுப் பிடிச்சதை வெச்சுக்கலாம்.' (பக்கத்தில் அவர் போட்டோ. வெள்ளைச் சட்டை, தங்க வாட்ச், கன்னம் நிறையச் சிரிப்பு. கல்யாணத் தரகர் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.)

முஸ்தபா மாமா: 'சம்மந்தி என்பது பிழை. சம்பந்தி என்பதே சரி.'

அத்தா: 'எழுத்துல என்ன இருக்கு? கெட்டது கெட்டதுதானே!'

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. முஸ்தபா மாமா குழுவிலிருந்து வெளியேறியிருந்தார். அடுத்த வரியில் மாமியும் வெளியேறியிருந்தார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. ஒரு சட்னிக்காகக் கோபித்துக்கொள்ளும் குடும்பத்திலா வாழ்க்கைப்படப் போகிறேன் என்றுதான் தோன்றியது. ரியாஸைக் கூப்பிட்டேன்.

"எங்க அத்தா அப்படி என்ன பண்ணிட்டாருன்னு இப்படி எழுதினே?" என்றார்.

"அவரை யாரு சொன்னா? சம்மந்தி நாறுதுன்னுதானே எழுதினேன்."

"இப்பவும் அதையே சொல்றியே!"

"நாறினா நாறுதுன்னுதானே சொல்லணும்? நீங்க ஆபீஸ்ல என் பக்கத்துல இருந்திருந்தா மூக்கைப் பிடிச்சிருப்பீங்க. குப்பையிலதான் கொட்டினேன்."

"எங்க அத்தாவையா?" என்று கேட்டார்.

அந்த நிமிடம்தான் பச்சையும் பாசமும் என் மண்டைக்குள் ஒன்றையொன்று முட்டின. நான் எழுதியதை மாமாவின் கண்ணால் மறுபடி படித்தேன். காலையில் பார்க்க நல்லாத்தான் இருந்தது. அதன் சுயரூபம். வருங்கால மாமனாரைக் கெட்டுப்போனவர் என்று சொன்னதோடு நிற்காமல், அது இது என்று அஃறிணையில் வேறு எழுதியிருக்கிறேன். ரியாஸை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கேவலம், ஒரு மூடித் தேங்காயால் அவர் கை நழுவிப் போகப் போகிறார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முஸ்தபா மாமா இறங்கினார். குமுளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடுத்த வண்டியில் திரும்பி வந்திருக்கிறார்.

என் அத்தா இன்னும் எதுவும் அறியாதவர். சாயா டம்ளரோடு எழுந்து போய், வாய் நிறைய, "வாங்க, வாங்க சம்மந்தி!" என்றார்.

"எந்தச் சம்மந்தி? பழசா, புதுசா?" என்றார் மாமா.

தோள்பையிலிருந்து சில காகிதங்களை எடுத்தார். குமுளியில் ஒரு கடையில் கொடுத்து, நாங்கள் எழுதியதையெல்லாம் அச்செடுத்திருந்தார். நாலு பிரதி. ஒன்றை அத்தா கையில் கொடுத்தார், ஒன்றை அம்மாவிடம் நீட்டினார்.

"எழுத்துல இருக்கு. நான் இல்லைன்னு சொல்ல முடியாது, நீங்களும் இல்லைன்னு சொல்ல முடியாது. மரியாதைக்காக வாயத் திறக்கலைன்னு எழுதியிருக்கீக. இப்பத் திறங்க." அடுத்து, காலையில் போர்த்திய பொன்னாடையை மடிப்புக் கலையாமல் நாற்காலிமேல் வைத்தார். "இதப் பள்ளுருத்திச் சம்மந்திக்குப் போத்துங்க."

"மாமா, அது நீங்க இல்ல மாமா, அது தேங்கா..." என்றேன்.

"தேங்காய்ன்னு வேற திட்டுறியாம்மா?"

நான் துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினேன். அம்மாவும் அத்தாவும் ஆளுக்கொரு பிரதியைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் வாசலில் இன்னொரு குரல் கேட்டது.

"சம்மந்தி வந்நூ! மூணு சம்மந்தி!"

ஹமீது காக்கா. போட்டோவில் இருந்த அதே சிரிப்பு. மாமாவின் முகம் கறுத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தனக்குப் போட்டியாக வந்த அந்த மூன்று பேர் யார் என்று பார்த்துவிடும் தோரணையில் வாசலை எட்டிப் பார்த்தார். காக்காவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"எங்கய்யா அவுக?" என்றார் மாமா.

"தோ, இவிடத்தான்." காக்கா பையிலிருந்து மூன்று எவர்சில்வர் டப்பாக்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். "இது பச்சை மிளகாச் சம்மந்தி. இது வத்தல் மிளகாச் சம்மந்தி. இது மாங்காச் சம்மந்தி. காலையில வந்தது பழைய தேங்கா, அதான் நாறிப்போச்சு. தப்பு என்னோடதுதான், மன்னிக்கணும்."

மாமா மேஜை அருகே போய் மூன்று டப்பாக்களையும் குனிந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த பிரதியை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். படித்துக்கொண்டே போனவருக்கு, 'சுயரூபம்' வந்த இடத்தில் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று பயந்து அம்மா தண்ணீர் எடுக்க ஓடினாள். அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு மாங்காய்ச் சம்மந்தியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, "இந்தச் சம்பந்தம் நமக்குச் சம்மதம்" என்றார். பொன்னாடையை எடுத்துத் தானே போர்த்திக்கொண்டார்.

நிக்காஹ் நடந்தது. தோசைக்கு மாங்காய்ச் சம்மந்தி. அந்தப் பிரதிகளில் ஒன்றை மாமா எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்தார். உத்தமபாளையத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் இலையில் சட்னி வைக்கும்போது, "மாமனாரைப் போடட்டுமாம்மா?" என்று கேட்கிறார்கள். குழுவில் மறுபடி சேர்ந்துகொண்ட மாமாவும் அன்றிலிருந்து தினமும் காலையில் அதில் ஒரு வரி போடத் தொடங்கினார்: 'சம்பந்தி இன்றும் நன்றாக இருக்கிறது.' பிழை கிடையாது. 'ப'வை விட்டதே கிடையாது. அஃறிணை மட்டும் எனக்காக.

போன வருஷம் மாமாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று நாள் அந்த வரி வரவில்லை. மட்டாஞ்சேரியில் அத்தா கடைக்குப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நாலாம் நாள், ஏசி அறைக்கு மாற்றியதும், மாமா ரியாஸிடமிருந்து போனைப் பிடுங்கி எழுதினார்:

'சம்மந்தியை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். இனிக் கெட்டுப்போகாது.'

அத்தாவிடமிருந்து அடுத்த நொடியே பதில் வந்தது:

'சம்மந்தி என்பது பிழை. சம்பந்தி என்பதே சரி.'

மாமா எழுதினார்: 'எழுத்துல என்ன இருக்கு?'