கம்பளம் விரித்து வரவேற்றேன்

வயதானவர்கள் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். (சிரிக்க வேண்டாம். என் மனைவி ஏற்கெனவே சிரித்துவிட்டாள்.)

என் மகளைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்.

"எங்கப்பாவும் வர்றாருங்க. போன வருசந்தான் விழுந்து இடுப்புல ஆபரேசன் ஆச்சு. இன்னொருக்கா விழக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லியிருக்காருங்க."

அதோடு என் நிம்மதி போயிற்று. அவர் விழுந்தால் இடுப்பும் போகும், சம்பந்தமும் போகும். அரவேணு மலைக்கிராமத்தில் எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே. இறங்கும் கல்படிகளில் மழைக்காலம் முழுக்கப் பாசி. வழுக்காமலிருக்க, மனைவி வழக்கம்போல் அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் சாம்பலை மிதித்துக்கொண்டா வருவது? கழுவிவிட்டேன். பந்தல்காரரிடம் பச்சைக் கம்பளம் வாடகைக்கு எடுத்து, மேலிருந்து கீழ்வரை விரித்தேன்.

"ஏனுங்க, ஆணி கீணி அடிக்க வேண்டாமா?" என்றாள் மனைவி.

"கல்லுல எப்படிடி ஆணி அடிப்பே?" என்று மடக்கினேன். (அந்தப் பதிலில் பெருமை வேறு.)

வந்தார்கள். பெரியவர் ரோட்டோரம் தடியை ஊன்றி நின்று படிகளைப் பார்த்தார். "தடி எதுக்குங்க, நானிருக்கேன்" என்று அதை வாங்கிக்கொண்டு, அவர் கையைப் பற்றியபடி முதல் படியில் கால் வைத்தேன்.

கம்பளம் கிளம்பியது. நானும் கிளம்பினேன். அவர் கையை மட்டும் விட்டுவிட்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். உட்கார்ந்த வாக்கிலேயே எல்லாப் படிகளையும் கடந்து, வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக வாசலில் போய்ச் சேர்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், பெரியவர் ரோட்டோரச் சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறார்.

"ஏனுங்க," என்றார் அங்கிருந்தே, "என்ற தடியக் குடுத்துட்டுப் போயிருக்கலாமுங்களே!"

பட்டுச் சேலையோடு ஓடிவந்த என் மகள், என் கையிலிருந்து தடியை உருவினாள். (அடிபட்டதா என்று கேட்கவில்லை.) படியோர மண்ணில் கால் பதித்து ஏறி, அவரிடம் நீட்டினாள். பின்னாலேயே மனைவி, சாம்பல் வாளியோடு.

"அவசரமில்லீங்க அப்பிச்சி. தடிய மொதல்ல ஊனுங்க, அப்புறம் கால வைங்க. நான் முன்னால எறங்குறேன்" என்றாள் மகள், சொந்தத் தாத்தாவிடம் பேசுவதுபோல்.

பத்திரமாகக் கீழே வந்ததும் பெரியவர் தன் மகளிடம் சொன்னார்: "பொண்ணைப் பார்த்தாச்சு கண்ணு, பேசி முடிச்சிரலாம். பொண்ணோட அப்பனைத்தான் கொஞ்சம் பத்திரமாப் பார்த்துக்கோணும்."

இப்போது படியோரம் இரும்புக் கைப்பிடி போட்டாயிற்று. இருந்தும், சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் நான் பழக்கதோஷத்தில் கை நீட்டுவேன். பெரியவர் தடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

"நீங்க மொதல்ல எறங்குங்க. இந்த வாட்டி நடந்தே போங்க."