அத்தான் கேமராவும் அக்காவின் பட்டுப்புடவையும்

கம்ப்யூட்டர் படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக உறவுக்காரர்கள் நீட்டிய எந்தப் பொருளையும் நான் வேண்டாமென்று சொன்னதில்லை. மிக்ஸியைக்கூடப் பிரித்திருக்கிறேன். (திரும்பச் சேர்த்ததில்லை.) அப்படித்தான் வலங்கைமானில் அக்காவின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள், அத்தான் தன் கேமராவை என்னிடம் கொடுத்தார். படங்களை லேப்டாப்பில் ஏற்றித் தர வேண்டும். மூன்று நாளில் அவர் சிங்கப்பூர் திரும்புகிறார்.

ஏற்றினேன். எல்லாம் ஏறிவிட்டது என்று நினைத்து, மெமரி கார்டை ஃபார்மட்டும் செய்தேன். பிறகு திறந்து பார்த்தால் லேப்டாப்பில் இருந்தவை ஏழே படங்கள். ஏழிலும் வாசல் வாழைமரம்.

அத்தான் திட்டவில்லை. சேரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டில் வருஷக்கணக்காக உழைத்துக் கட்டிய வீடு. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"கவலைப்படாதீங்க அத்தான். பட்டா தொலைஞ்சா வயலா தொலைஞ்சுடும்?" என்றேன். (அந்த ஞானம், ஐந்து நிமிஷம் முன்பு கொல்லைப்பக்கம் நின்று போனில் படித்தது.)

விஷயம் உண்மைதான். ஃபார்மட் செய்ததும் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகிறது. அதன்மேல் புதிதாக எதுவும் ஏறாதவரை படங்கள் கேட்பாரற்று அங்கேயே கிடக்கும். மீட்பு மென்பொருள் கார்டின் மூலைமுடுக்கெல்லாம் தேடி, ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தைப் பிடித்து வெளியே இழுத்துவிடும். இழுத்தது. பெயர்கள் போய், வெறும் எண்களோடு, வரிசை தப்பி வந்து குவிந்தன படங்கள்.

அவற்றை நான் முதலில் தனியாகப் பார்த்திருக்க வேண்டும். புகழ் ஆசை விடவில்லை. கூடத்து டிவியில் இணைத்து எல்லோரையும் கூப்பிட்டேன்.

அக்காவின் மாமியார், அதாவது எங்கள் அத்தை, முன்னால் வந்து உட்கார்ந்தார். இரண்டு படங்கள் ஒட்டிக்கொண்டதில், ஒன்றில் அத்தையின் தலைக்குக் கீழே பசுமாட்டின் உடம்பு இருந்தது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மாடு நல்ல ஜாதி மாடு என்றார்.

அடுத்த படத்தில் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி, கல்லூரிப் பொங்கல் விழாவில் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான்தான். அதற்கடுத்த படத்தில் வாளி சாய்ந்துகொண்டிருந்தது.

நேற்று அழித்தது, இரண்டு வருஷம் முன்பு அழித்தது என்ற வித்தியாசமெல்லாம் அந்த மென்பொருளுக்குக் கிடையாது. நான் கட்டியிருந்தது அக்காவின் நிச்சயதார்த்தப் புடவை. கல்லூரிக்காக அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, அத்தை தூங்குகையில் அவர் சாவியை எடுத்து, கேமராவையும் புடவையையும் ஒரே பீரோவிலிருந்து கேட்காமல் எடுத்துப்போய், படங்களை அழித்து, கறையை உள்பக்கமாக மடித்து வைத்துவிட்டேன். பீரோ சாவி அக்காவைத் தவிர அத்தையிடம் மட்டும்தான் இருந்தது. அக்கா யாரைச் சந்தேகப்பட்டிருப்பாள் என்று நான் யோசித்ததே இல்லை. கரண்ட் போகாதா என்று வேண்டிக்கொண்டேன். டெல்டாவில் என்றைக்கும் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அத்தையிடம்தான் திரும்பினாள்.

"அத்தை, நான் உங்களத்தான்..."

"தெரியும்மா. ரெண்டு வருஷமா எனக்கு மட்டும் காபியில சக்கரை கம்மியா இருந்துச்சே. என் உடம்புமேல உனக்கு அக்கறைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன்."

அக்கா அடுப்படிக்குப் போனாள். வந்த காபியை அத்தையால் குடிக்க முடியவில்லை, அவ்வளவு சர்க்கரை. ஆனாலும் குடித்து முடித்தார். எனக்குக் காபியே வரவில்லை. அத்தானுக்கு மட்டும் அவர் வீட்டுப் படங்கள் அநேகமாக எல்லாமே கிடைத்தன.

அடுத்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மா விசாரித்தபோது அத்தைதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார்: "தங்கமான பொண்ணுங்க. கட்டியிருக்கிற புடவை யாருதுன்னு மட்டும் கேட்டுக்குங்க."

மாப்பிள்ளைக்கு அன்று புரியவில்லை. இன்று நன்றாகவே புரிகிறது. நான் புதுப்புடவை கட்டி வெளியே வந்தால் போதும், என் கண்ணெதிரிலேயே அக்காவுக்குப் போன் போட்டு, "அண்ணி, எதுக்கும் பீரோவ ஒரு தடவ பாத்துக்குங்க" என்கிறார்.